சேலத்துத் திரைக்கூடமும் செந்தமிழ்க் காப்பியங்களும்
டி. ஆர். சுந்தரத்தின் கலைப்பணி குறித்து ஒரு வரலாற்று நோக்கு

குண்டனி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு எனப் பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பெற்ற கொல்லிமலை, தமிழ் இலக்கியத்தில் இரண்டு காரணங்களால் நிலைபெற்றது. ஒன்று வல்வில் ஓரியின் கொடை, மற்றொன்று கொல்லிப்பாவை. காற்று மோதினும், மழை அறையினும், நிலம் நடுங்கினும் தன் எழில் குன்றாத பாவையைச் சங்கப் புலவர்கள் தலைவியின் அழகுக்கு உவமையாக்கினர். அப்பாவை அசையும், நகைக்கும், தன்பால் வந்தாரை மயக்கி வீழ்த்தும் என்று பிற்காலத்தார் அதன்மேல் மேலும் கதைகளை ஏற்றினர். உயிரற்ற உருவம் அசைந்து சிரித்து ஆளைக் கட்டி இழுக்கும் என்ற கற்பனை இம்மண்ணுக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டில் அதே வேலையை வெள்ளைத் திரையொன்று செய்யத் தொடங்கியபோது, இவ்வட்டாரத்து ஊர்களிலிருந்தே அதற்கொரு பெருந்தச்சர் தோன்றினார். அவர் திருச்செங்கோட்டு டி. ஆர். சுந்தரம்.

1997இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது கொல்லிமலையும் திருச்செங்கோடும் சேலத்தினின்று பிரிந்து வந்தன. ஆயினும் சுந்தரத்தின் பெயரைச் சேலத்தினின்று பிரிக்க இயலாது. 1907இல் நூல் வணிகக் குடும்பமொன்றில் பிறந்த அவர், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். அங்கேயே கிளாடிஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்துகொண்டு தாயகம் திரும்பினார். தறியும் நூலும் கற்று வந்தவர் குடும்பத் தொழிலைப் பெருக்குவார் என்று எதிர்பார்த்திருப்பர். அவரோ 1930களின் நடுவில் சேலம் ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தோடு இணைந்து திரைத்தொழிலில் இறங்கினார். நெசவாலைப் படிப்பு வீண் போகவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

அவர் திரைத்துறைக்கு வந்த காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தென்னகத்தில் ஆர். நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் எடுத்த 'கீசக வதம்' தொடங்கி, ஏ. நாராயணன், ராஜா சாண்டோ ஆகியோர் 1930ஐ ஒட்டி எடுத்த படங்கள் வரை எல்லாம் மௌனப்படங்கள். அவற்றில் மொழிக்கு இருந்த இடம் காட்சிகளுக்கிடையே தோன்றிய எழுத்தட்டை மட்டுமே. எழுத்தறியாதோர் மிகுந்த கொட்டகைகளில் அதைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் நிற்பதுண்டு. புலவனுக்கோ பாவலனுக்கோ அங்கே வேலையில்லை. மொழி இல்லாமையே மௌனப்படத்தின் வலிமையாகவும் இருந்தது. டென்மார்க்கு என்னும் சின்னஞ்சிறு நாட்டில் லாவ் லாவ்ரிட்சன் என்னும் நகைச்சுவை இயக்குநர் 1921 முதல் பல்லாடியம் நிறுவனத்துக்காக, நெட்டையர் ஒருவரையும் குட்டையர் ஒருவரையும் இணைத்து ஆண்டுதோறும் படங்கள் எடுத்தார். கார்ல் ஷென்ஸ்ட்ரம், ஹரால்ட் மாட்சன் என்னும் அவ்விருவரும் ஐரோப்பாவெங்கும் வெவ்வேறு பெயர்களில் சிரிப்பு மூட்டினர். எழுத்தட்டையை மாற்றினால் போதும். படம் எல்லை கடந்துவிடும். பேச்சு வந்ததும் அந்த வழி அடைபட்டது. 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்த பின் தமிழ்நாட்டிலும் நிலைமை தலைகீழாயிற்று. இனி ஒவ்வொரு படத்துக்கும் பாட்டு வேண்டும், பேச்சு வேண்டும், அவற்றை எழுத ஆள் வேண்டும். சுந்தரம் கால் வைத்தது அந்தத் தறுவாயில்.

முதலில் இடத்தின் தொல்லை. தொடக்ககாலத் தமிழ்ப் பேசும்படங்கள் பெரும்பாலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் எடுக்கப்பட்டன. சென்னையில் நாராயணன் சீனிவாசா சினிடோனை நிறுவியது 1934இல்தான். ஏஞ்சல் பிலிம்ஸ் படங்களுக்காகச் சேலத்திலிருந்து நடிகரும் பக்கவாத்தியக்காரரும் மூட்டை முடிச்சுகளுடன் கல்கத்தா வரை இரயிலேறினர். இந்த அலைச்சலையும் செலவையும் கண்ட சுந்தரம், சொந்த ஊருக்கு அருகிலேயே ஒரு முழுமையான படப்பிடிப்பு நிலையம் வேண்டும் என்று முடிவு செய்தார். 1935இல் சேலம் ஏற்காடு சாலையில், சேர்வராயன் மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் உருவாயிற்று. 1937இல் முதற்படம் 'சதி அகல்யா' வெளிவந்தது. இலங்கையிலிருந்து வந்த கே. தவமணிதேவி அதில் நாயகி.

மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு கலைக்கூடம் என்பதைவிட ஓர் ஆலை என்பதே பொருந்தும். அரங்குகள், ஒலிப்பதிவு, படச்சுருளைக் கழுவும் கூடம் ஆகியவை ஒரே மதிலுக்குள் அமைந்தன. நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தனர். குறித்த நேரத்தில் வருவதும் குறித்த நாளில் முடிப்பதும் அங்கே சட்டம். லீட்ஸில் கற்ற ஆலை ஒழுங்கு அப்படியே படப்பிடிப்புக்கு வந்துவிட்டது. இக்கண்டிப்பைப் பற்றி அங்கே பணியாற்றியவர்கள் சொன்ன கதைகள் ஏராளம். சிலர் நன்றியுடனும் சிலர் முகச்சுளிப்புடனும் சொல்லியிருக்கின்றனர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தமைக்கு இதுவே காரணம். சுந்தரம் இயக்கிய படங்களில் இழைக்கு இழை தேர்ச்சி காணமுடியாது என்பதற்கும் இதுவே காரணம் எனலாம்.

1938இல் எஸ். நொட்டானி இயக்கத்தில் 'பாலன்' அங்கே உருவாயிற்று. மலையாள மொழியின் முதல் பேசும்படம் அது. மலையாளத்தின் முதல் மௌனப்படத்தை எடுத்த ஜே. சி. டேனியல், இன்றைய குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர். முதல் பேசும்படமோ சேலத்தில் பிறந்தது. 1940இல் சுந்தரம் இயக்கிய 'உத்தம புத்திரன்', தூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவியது. பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் தோன்றினார். தமிழ்த் திரைக்கு அது புதுமை. மேலைக் கதைகளைத் தயங்காமல் எடுத்துக்கொள்வது சுந்தரத்தின் இயல்பு. அதில் அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இலக்கிய அன்பர்கள் நின்று நோக்க வேண்டிய முதல் படம் 1942இல் வந்த 'மனோன்மணி'. பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நடிப்பதற்கென்று அன்றி, படிப்பதற்கென்று எழுதப்பட்ட செய்யுள் நாடகம். லிட்டனின் ஆங்கிலக் கதையொன்று அதன் கரு. பாண்டியன் சீவகனும் குடிலனும் சுந்தர முனிவரும் அகவலில் பேசிக்கொள்ளும் அந்நாடகத்தைப் பெரும்பொருட் செலவில் திரைக்குக் கொண்டுவரத் துணிந்தார் சுந்தரம். சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்தனர். நாடகத்தின் தத்துவ உட்கிடையைத் திரையில் தேடுவோர் ஏமாறுவர். அரண்மனைச் சூழ்ச்சியும் காதலும் பாட்டுமே எஞ்சின. எனினும் ஒன்றை மறக்கலாகாது. மனோன்மணீயத்தின் பாயிரத்தில் அமைந்த தமிழ் வணக்கப் பகுதியைத் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது 1970இல். அதற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, கல்லூரி வகுப்பறைக்கு அப்பால் இருந்த மக்கள் மனோன்மணி என்னும் பெயரை வாயால் சொல்லத் தொடங்கிவிட்டனர்.

போர்க்காலம் வந்தது. படச்சுருளுக்குத் தட்டுப்பாடு, படத்தின் நீளத்தைப் பதினோராயிரம் அடிக்குள் சுருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு, போர் முயற்சிக்குத் துணைநிற்கும் படங்கள் எடுக்க அரசின் நெருக்குதல். 1945இல் சுந்தரம் எடுத்த 'பர்மா ராணி' அந்த நெருக்கடியின் விளைவு. ஜப்பானியத் தளபதியாக அவரே நடித்தார். ஆங்கில ஆட்சிக்குச் சார்பான படம் என்று அதனை ஒதுக்கிவிடுவோர் உண்டு. அவ்வாறு ஒதுக்குமுன், அன்று படநிலையம் நடத்தியவர்க்கு வேறு வழி என்ன இருந்தது என்றும் கேட்டுப்பார்ப்பது முறை.

1949 முதல் 1954 வரையிலான ஆண்டுகளே மாடர்ன் தியேட்டர்ஸின் பொற்காலம். இலக்கிய வரலாற்றில் சுந்தரத்துக்கு இடம் தரவேண்டுமானால் அந்த ஆறு ஆண்டுகளுக்காகவே தரவேண்டும். 1949இல் 'மாயாவதி' படத்தில் அ. மருதகாசி பாடலாசிரியராக அறிமுகமானார். கா. மு. ஷெரீப் அங்கே பாடல் எழுதினார். நிறுவனம் நடத்திய 'சண்டமாருதம்' இதழுக்குக் கண்ணதாசன் ஆசிரியரானார். பின்னர் 1954இல் 'இல்லற ஜோதி'க்கு உரையாடல் எழுதினார். மு. கருணாநிதி 'மந்திரிகுமாரி', 'திரும்பிப் பார்' படங்களுக்கும், ஏ. வி. பி. ஆசைத்தம்பி 'சர்வாதிகாரி'க்கும் எழுதினர். சற்றுப் பின்னர்ப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 'பாசவலை'க்குப் பாடல் தந்தார். இவர்கள் எல்லோருக்கும் மேலே பாரதிதாசன். தமிழ்ப் பாவலர் இத்தனை பேரை ஒரே மதிலுக்குள் கண்ட வேறு நிறுவனத்தைச் சொல்வது கடினம். புலவன் புரவலனை நாடிச் செல்வது பழைய வழக்கம். ஓரியின் மலைக்குக் கூத்தரும் பாணரும் ஏறினர். சேலத்தில் நடந்தது அதுவன்று. அங்கே பரிசில் இல்லை, கூலி உண்டு. புரவலனைப் பாட வேண்டியதில்லை. ஆனால் நாளை காலைப் படப்பிடிப்புக்குள் பாட்டு முடிய வேண்டும். அதனால் கவிதை தாழ்ந்தது என்போர் உளர். பசியோடு எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு எழுத்தால் வாழ வழி பிறந்தது என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' 1950இல் 'பொன்முடி'யாயிற்று. உரையாடலைப் பாவேந்தரே எழுதினார். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்கராகிய டங்கன் 1935இல் இந்தியா வந்தவர். 'சதிலீலாவதி', 'சகுந்தலை', 'மீரா' முதலிய புகழ்பெற்ற படங்களை எடுத்தவர். தமிழ் அறியாதவர். பாவேந்தரின் பூங்கோதையையும் பொன்முடியையும் தமிழ் தெரியாத ஒருவர் திரையில் உலவவிட்டார் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். காதல் காட்சிகளின் நெருக்கத்தை அக்காலத்தார் சிலர் கண்டித்தனர். ஆனால் எதிர்பாராத முத்தத்தைப் படித்தவர்க்கு அதில் வியப்படைய என்ன இருக்கிறது? தலைப்பிலேயே சொல்லிவிட்டாரே.

அதே ஆண்டில் 'மந்திரிகுமாரி'. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் நிகழ்ச்சியொன்றைக் கொண்டு கருணாநிதி எழுதிய நாடகம், அவருடைய உரையாடலுடன் படமாயிற்று. சேலத்துக்கு அவரை அறிமுகப்படுத்தியவர் ஷெரீப் என்பர். எம். ஜி. இராமச்சந்திரன் தளபதியாகவும், எஸ். ஏ. நடராஜன் இராசகுருவின் மகனாகிய கொள்ளையனாகவும், மாதுரிதேவி அமைச்சர் மகளாகவும் நடித்தனர். ஜி. இராமநாதன் இசையமைத்தார். டங்கன் இயக்கிவந்தார், படம் முடிவதற்குள் அவர் தாயகம் திரும்ப, எஞ்சிய பகுதியைச் சுந்தரமே முடித்தார். ஆகவே படத்துக்கு இருவரும் இயக்குநர்.

நாதகுத்தனாரின் குண்டலகேசி மறைந்துபோன நூல். பிற நூல்களில் மேற்கோளாக எஞ்சியவை பத்தொன்பது செய்யுள்கள். அதற்கு மறுப்பாக எழுந்த சமண நூலாகிய நீலகேசியும் அதன் உரையும் இல்லாவிடின் கதையே நமக்கு எட்டியிராது. வணிகர் குலத்துப் பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் காளன் என்னும் கள்வனைக் கண்டு காதலிக்கிறாள், மீட்டு மணக்கிறாள். பின்னொரு நாள் ஊடலில் அவள் சொன்ன ஒரு சொல்லைப் பொறாமல் அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல முனைகிறான். இறக்குமுன் கணவனை வலம்வர வேண்டும் என்று வேண்டிய அவள், பின்புறம் வந்ததும் அவனைத் தள்ளிவிடுகிறாள். காப்பியத்தில் இது முடிவன்று, தொடக்கம். அதன் பின்னரே அவள் துறவு பூண்டு, பறித்த தலைமயிர் சுருண்டு வளர்ந்தமையால் குண்டலகேசி எனப் பெயர் பெற்று, ஊர்தோறும் நாவல் நட்டு வாதம் புரிந்து, புத்த நெறி சார்ந்து, பிற சமயத்தாரை வெல்கிறாள். தமிழ்க் காப்பியங்களில் அறிவால் ஊர் வென்ற பெண் அவள்.

திரைப்படம் மலையுச்சியை எடுத்துக்கொண்டது, வாதத்தை விட்டுவிட்டது. வணிகர் மகள் மந்திரி குமாரியானாள். காப்பியத்தில் தன் பெயரால் நின்றவள், படத்தில் தந்தையின் பதவியால் பெயர் பெற்றாள். துறவும் பௌத்தமும் நீங்கின. அவற்றின் இடத்தில் இராசகுருவின் சூழ்ச்சி வந்தது. 1950ஆம் ஆண்டின் பார்வையாளர்க்கு அதன் அரசியல் உள்ளுறை நன்கு விளங்கிற்று. இம்மாற்றங்களைக் கண்டு தமிழாசிரியர்கள் வருந்துவது இயல்பே. ஆயினும் அம்மலையுச்சிக் காட்சியை மீண்டும் ஒருமுறை காண்பவர் வேறொன்றை உணர்வர். உல்லாசமான காதற்பாட்டொன்று மெல்லமெல்ல ஏறி, கொலைக்களத்தில் சென்று முடிகிறது. கேட்பவர் இன்பத்தில் இருக்கும்போதே காண்பவருக்கு நடுக்கம் பிறக்கிறது. காதலும் கொலையும் ஒரே பாதையில் ஏறுகின்றன என்னும் காப்பியக் கருத்தை, எந்த உரைவிளக்கமும் இன்றி அப்பாட்டு உணர்த்திவிடுகிறது. பத்தொன்பது செய்யுள்களில் கிடைக்காத பத்திரை அங்கே சில நிமிடம் உயிர் பெறுகிறாள். சுந்தரத்தின் ஆலையில் நெய்த துணிகளில் இது பட்டு.

வெற்றி கண்டவர் அதே தடத்தில் மீண்டும் நடந்தார். 1952இல் 'வளையாபதி'. எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களே எஞ்சிய மற்றொரு காப்பியம். கதை பாரதிதாசன் கையில். சுந்தரம் இயக்கினார்; சௌகார் ஜானகி நடித்தார். மந்திரிகுமாரி பெற்ற வரவேற்பை அது பெறவில்லை. அந்த இரு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஆலை ஒழுங்கின் எல்லை எது என்பது புலப்படும். ஒரே அரங்கு, ஒரே குழு, அதே காப்பிய ஈர்ப்பு. மலையுச்சி மட்டும் இரண்டாம் முறை வாய்க்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிச் செல்லலாம். நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' சேலத்துக்கு வரவில்லை. கோவைப் பட்சிராஜா நிறுவனத்தின் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு அதை 1954இல் எடுத்துக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். கூப்பிடு தொலைவில் இருந்த கவிஞரின் நாவல் கைநழுவியது சுந்தரத்தின் இழப்பே.

நகைச்சுவையைப் பொறுத்தவரை மாடர்ன் தியேட்டர்ஸ் தனி மரபை உண்டாக்கவில்லை. கதைக்கு நடுவே வரும் இடைப்பகுதியாகவே அதை வைத்திருந்தது. மௌனப்படக் கலைஞர்கள் உடலால் மூட்டிய சிரிப்பைத் தமிழ்ப் பேசும்படம் பேச்சால் மூட்டியது. காளி என். இரத்தினமும் கே. ஏ. தங்கவேலுவும் சொல்லின் ஏற்ற இறக்கத்தில் செய்த வித்தையை எழுத்தட்டையில் காட்ட முடியாது. 1950இல் வந்த 'திகம்பர சாமியார்' சற்றே வேறுபட்டது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலாகிய அதில் எம். என். நம்பியார் பல மாறுவேடங்களில் தோன்றினார். கொடியவர் என்றே பின்னாளில் அறியப்பட்ட ஒருவர், தோற்றத்தையும் நடையையும் மாற்றி மாற்றிக் காட்டும் அந்தத் திறம் மௌனப்பட மரபின் எச்சம் போலவே தோன்றுகிறது.

1952இல் அமெரிக்கர் வில்லியம் பெர்க்கின் 'தி ஜங்கிள்' என்னும் ஆங்கிலப் படத்தில் நிறுவனம் பங்குகொண்டது. 1956இல் சுந்தரம் இயக்கிய 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' கேவாகலரில் வந்த முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படம். எம். ஜி. ஆரும் பானுமதியும் தங்கவேலுவும் பி. எஸ். வீரப்பாவும் நிறைந்த அப்படத்தைப் பற்றிச் சொல்லாத முதியவர் இப்பகுதியில் அரியர். 1961இல் 'கண்டம் பெச்ச கோட்டு' மலையாளத்தின் முதல் வண்ணப்படமாயிற்று. அதையும் இயக்கியவர் சுந்தரமே. மலையாளத்துக்கு முதற்குரலும் முதல் வண்ணமும் சேலத்திலிருந்து சென்றன.

1963இல் மனோரமாவை நாயகியாக்கி நிறுவனம் 'கொஞ்சும் குமரி'யை வெளியிட்டது. நகைச்சுவை நடிகையாகவே எண்ணப்பட்டவரை நாயகியாக்கிய துணிவு பாராட்டுக்குரியது. அவ்வாண்டிலேயே சுந்தரம் மறைந்தார். மகன் இராமசுந்தரம் பொறுப்பேற்றார். ஜெய்சங்கரின் துப்பறியும் படங்கள் சில ஆண்டுகள் வசூல் தந்தன. எழுத்தாளரும் நடிகரும் சென்னையிலேயே குடியேறிவிட்ட பின், மாதச் சம்பளத்துக்குச் சேலம் வருவார் இல்லை. 1980களில் படத்தயாரிப்பு நின்றது. அரங்குகள் இருந்த நிலத்தில் வீடுகள் எழுந்தன. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு எஞ்சியது.

மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுள் 'மந்திரிகுமாரி'யும் 'அலிபாபா'வும் இன்றும் காணக் கிடைக்கின்றன. 'பாலன்' கிடைக்கவில்லை. பாட்டுப் புத்தகமும் சில நிழற்படங்களும் கண்டவர் எழுதிவைத்த குறிப்புகளும் கொண்டே மலையாளிகள் தம் முதல் பேசும்படத்தின் கதையைக் கட்டி எழுப்புகின்றனர். நீலகேசி உரையையும் பத்தொன்பது செய்யுள்களையும் வைத்துக்கொண்டு தமிழர் குண்டலகேசியைக் கட்டி எழுப்புவதும் அவ்வாறே.